இரண்டு ஏன், இதே இரண்டு ஏன்? டுவெர்ஜே விதி சொல்வதும் சொல்லாததும்

1

“தோக்கப் போறவனுக்குப் போட்டு ஓட்டை வேஸ்ட் பண்ணாத.” தமிழ்நாட்டில் ஒரு தேர்தலிலாவது வாக்களித்த எவரும் இந்த அறிவுரையை வீட்டிலோ டீக்கடையிலோ கேட்டிருப்பார்கள். சொல்பவர் எந்த அரசியல் கோட்பாடும் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொல்லும் கணக்கைத்தான் ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர் 1951இல் புத்தகமாக எழுதினார். மோரிஸ் டுவெர்ஜேயின் ‘அரசியல் கட்சிகள்’ என்ற அந்த நூல், அரசியல் அறிவியல் படிப்பவர்கள் இன்றும் தாண்டிப்போக முடியாத ஒன்று. ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர், ஒரே சுற்று, யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கு வெற்றி. இந்த முறை இருக்கும் நாட்டில் காலப்போக்கில் இரண்டு பெரிய கட்சிகளே நிலைக்கும் என்றார் டுவெர்ஜே. தன் நூலில் உள்ள கருத்துகளிலேயே உண்மையான சமூக விதிக்கு மிக அருகில் வருவது இதுதான் என்றும் சொல்லிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்: டுவெர்ஜே விதி.

மனித நடத்தை பற்றி எழுதுகிறவர்களுக்கு ‘விதி’ என்று ஒன்றைச் சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு எளிதில் கிடைக்காது. அதனாலோ என்னவோ, இந்த விதி தேவைக்கு மேல் மதிக்கப்பட்டுவிட்டது. இரு கட்சி ஆட்சி முறை ஏன் நீடிக்கிறது என்று கேட்டால் எல்லோரும் டுவெர்ஜேயைக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். என் வாதம் எளியது. டுவெர்ஜே ‘இரண்டு’ என்ற எண்ணை விளக்குகிறார். ‘இதே இரண்டு’ என்பதை விளக்கவில்லை. அமெரிக்காவில் 1850களுக்குப் பிறகு அதிபர் பதவி ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டின் கையைவிட்டுப் போனதேயில்லை. நூற்று எழுபது ஆண்டுகள். உள்நாட்டுப் போர், இரண்டு உலகப் போர்கள், பொருளாதாரப் பெருமந்தம், கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டம் எல்லாம் வந்து போயின. பெயர்ப்பலகை மாறவில்லை. அதை ஒரு வாய்ப்பாட்டால் விளக்கிவிட முடியாது.

2

முதலில் விதிக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். டுவெர்ஜே இரண்டு விளைவுகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று இயந்திர விளைவு. தொகுதி தொகுதியாக வெற்றியாளரை எண்ணும்போது, பரவலாக ஓட்டு வாங்கும் மூன்றாவது கட்சி நசுங்குகிறது. 1983 பிரிட்டிஷ் தேர்தலில் லிபரல்–சோஷியல் டெமாக்ரட் கூட்டணி 25.4 சதவீத ஓட்டு வாங்கியது. கிடைத்தது 650 இடங்களில் 23. அதைவிட வெறும் இரண்டு சதவீதம் அதிகம் வாங்கிய தொழிற்கட்சிக்கு 209 இடங்கள்.

இரண்டாவது உளவியல் விளைவு. இந்த நசுங்கலை ஒருமுறை பார்த்த வாக்காளர், அடுத்த முறை தனக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு, ஜெயிக்க வாய்ப்புள்ள இருவரில் குறைந்த கெடுதல் யாரோ அவருக்குப் போடுகிறார். கட்சித் தலைவர்களும் அதே பாடத்தைப் படிக்கிறார்கள். விஜயகாந்தின் தேமுதிக 2006இல் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. ஜெயித்தது விருத்தாசலம் ஒன்று மட்டும். 2011இல் அதிமுக கூட்டணியில் சேர்ந்து 41 இடங்களில் நின்றது. ஓட்டு சதவீதம் கூடவில்லை, சற்றே குறைந்தது. ஆனால் 29 பேர் சட்டமன்றத்துக்குப் போனார்கள், விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். டுவெர்ஜே விதியைப் புரியவைக்க இதைவிடக் கச்சிதமான உதாரணத்தை அவரே தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

ஆனால் இதே உதாரணம் விதியின் எல்லையையும் காட்டுகிறது. விதி வேலை செய்வது தொகுதியில். இந்தியாவில் அதே முறைதான் இருக்கிறது, ஆனால் நாடாளுமன்றத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கட்சிகள். ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு வேறு இரண்டு. கனடாவிலும் அப்படித்தான்: கியூபெக்கின் இரண்டும் மேற்கு மாகாணங்களின் இரண்டும் ஒன்றல்ல. தொகுதியில் இரண்டாகச் சுருங்குவது நாடு முழுக்க ஒரே இரண்டாக ஏன் ஆக வேண்டும்?

அமெரிக்காவில் அதற்கு ஒரு காரணம் உண்டு. அது அதிபர் பதவி. ஒரே பரிசு, பங்கு போட முடியாதது. தேர்வாளர் குழுவின் 538 வாக்குகளில் 270 வாங்க வேண்டும். யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும், மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கில். 1824 தேர்தலில் அப்படி நடந்தது: அதிக ஓட்டு வாங்கியவர் ஆண்ட்ரூ ஜாக்சன், அதிபரானவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். எனவே எந்த மாநிலக் கட்சிக்கும் தேசியக் கூட்டணிக்குள் போயே ஆக வேண்டிய அழுத்தம் இருக்கிறது. இந்திய மாநிலக் கட்சி ஒன்று இருபது எம்.பி.க்களை வைத்துக்கொண்டு டெல்லியில் மந்திரி பதவி பேரம் பேசலாம். வாஷிங்டனில் இருபது பேரை வைத்துக்கொண்டு அதிபர் பதவியில் கால்பங்கு கேட்க முடியாது.

மூன்றாம் வேட்பாளர்களின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1992இல் டெக்ஸாஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோ 18.9 சதவீதம், அதாவது சுமார் ஒரு கோடியே 97 லட்சம் ஓட்டுகள் வாங்கினார். தேர்வாளர் குழுவில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். 1968இல் ஜார்ஜ் வாலஸ் அதில் பாதி ஓட்டுதான் வாங்கினார். ஆனால் அவருடைய ஆதரவு தெற்கு மாநிலங்களில் குவிந்திருந்ததால் 46 தேர்வாளர்கள் கிடைத்தார்கள். நிறவெறியை வட்டாரமாகத் திரட்டியவருக்கு இடம் கிடைத்தது; நாடு முழுக்க ஐந்தில் ஒருவரின் அதிருப்தியைத் திரட்டியவருக்கு எதுவும் இல்லை. ஒரு தேர்தல் முறை எந்த மாதிரியான எதிர்ப்புக்குப் பரிசு தருகிறது என்று கேட்டால், இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

3

இனி ‘இதே இரண்டு’ என்ற கேள்வி. பிரிட்டனிலும் இரு கட்சி முறைதான். ஆனால் 1920களில் லிபரல் கட்சி இருந்த இடத்தைத் தொழிற்கட்சி எடுத்துக்கொண்டது. கனடாவில் 1993 தேர்தலில் ஆளும் கட்சியாக இருந்த முற்போக்குப் பழமைவாதக் கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. இரண்டு என்ற எண் நிலைத்தாலும் ஆட்கள் மாறலாம். அமெரிக்காவிலும் ஒருமுறை நடந்தது. அடிமை முறையைப் புதிய மேற்குப் பிரதேசங்களுக்குப் பரவவிடும் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் 1854இல் வந்ததும் விக் கட்சி உடைந்தது; அதே ஆண்டில் குடியரசுக் கட்சி பிறந்தது; ஆறே ஆண்டுகளில் நான்கு முனைப் போட்டியில் லிங்கன் 40 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் அதிபரானார். அதற்குப் பிறகு அப்படி ஒன்று நடக்கவேயில்லை. ஏன்?

முதல் பதில், விழுங்குதல். 1890களில் கடனில் மூழ்கிய விவசாயிகளின் கட்சியாக மக்கள் கட்சி எழுந்தது. 1892இல் அதன் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார், 22 தேர்வாளர்களும் கிடைத்தார்கள். படிநிலை வருமான வரி, செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தல், வெள்ளி நாணயம் ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். 1896இல் ஜனநாயகக் கட்சி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தி வெள்ளி நாணயக் கோரிக்கையைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மக்கள் கட்சியும் பிரையனையே ஆதரித்தது, அதோடு கரைந்தது. வருமான வரியும் நேரடி செனட் தேர்தலும் 1913இல் அரசியல் சாசனத் திருத்தங்களாகவே வந்தன. கட்சி செத்தது, கோரிக்கை ஜெயித்தது. இதை வைத்து, இரு கட்சி முறை எவ்வளவு நெகிழ்வானது பாருங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லலாம். ஆனால் எந்தக் கோரிக்கையை எடுப்பது, எப்போது எடுப்பது, எந்தப் பகுதியைக் கழற்றிவிடுவது என்பதையெல்லாம் விழுங்குகிறவன் முடிவு செய்கிறான்.

இரண்டாவது பதில் வாக்குச்சீட்டில் இருக்கிறது. இந்த முழுக் கதையிலும் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான். 1880கள் வரை அமெரிக்காவில் வாக்குச்சீட்டை அரசு அச்சடிக்கவில்லை. கட்சிகளே அச்சடித்தன. கட்சிக்காரர் கையில் திணிக்கும் வண்ணச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் பெட்டியில் போட வேண்டியதுதான். நீங்கள் யாருக்குப் போடுகிறீர்கள் என்று தெருவுக்கே தெரியும். முதலாளிக்கும் தெரியும், லஞ்சம் கொடுத்தவனுக்கும் தெரியும். இதைச் சீர்திருத்த, ஆஸ்திரேலியாவில் உருவான ரகசிய வாக்குச்சீட்டு முறை 1888இல் தொடங்கி மாநிலம் மாநிலமாக வந்தது. எல்லா வேட்பாளர் பெயரும் இருக்கும் ஒரே சீட்டு, அரசு அச்சடித்தது. நல்ல சீர்திருத்தம், சந்தேகமில்லை.

ஆனால் அரசு அச்சடிக்கும் சீட்டில் யார் பெயர் இருக்கலாம் என்று யாரோ முடிவு செய்ய வேண்டுமே? மாநிலச் சட்டமன்றங்கள் முடிவு செய்தன. சட்டமன்றங்களில் இருந்தவர்கள் யார்? இரண்டு கட்சிக்காரர்கள். இத்தனை ஆயிரம் கையெழுத்து வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும், போன தேர்தலில் இத்தனை சதவீதம் வாங்கியிருந்தால் கையெழுத்து வேண்டாம் என்றெல்லாம் விதிகள் முளைத்தன. அதுவரை சிறு கட்சிகளுக்கு ஒரு வழி இருந்தது: பெரிய கட்சியின் வேட்பாளரையே தங்கள் சீட்டிலும் நிறுத்துவது. ஓட்டும் வீணாகாது, இந்த ஓட்டு எங்களால் வந்தது என்று கணக்கும் காட்டலாம். ஒருவர் பெயர் சீட்டில் ஒருமுறைதான் வரலாம் என்று பல மாநிலங்கள் சட்டம் போட்டு அதை அடைத்தன. நியூயார்க் போன்ற சில இடங்களில் மட்டும் அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. மின்னசோட்டாவின் தடையை எதிர்த்து ஒரு சிறிய கட்சி தொடுத்த வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தடை செல்லும் என்றது. நடைமுறையில் இரு கட்சி முறைக்குச் சாதகமாக அமையும் நியாயமான விதிகளை மாநிலங்கள் போட்டுக்கொள்ளலாம் என்றது தீர்ப்பு. அமெரிக்க அரசியல் சாசனத்தில் ‘கட்சி’ என்ற சொல்லே கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

என் தொழிலில் இதற்கு ஒப்பான ஒன்றைத் தினமும் பார்க்கிறேன். ஒரு பழைய மென்பொருளில் ஏதோ ஒரு காரணத்துக்காக எழுதப்பட்ட சோதனை வரி இருக்கும். எழுதியவர் போய்விட்டார், காரணமும் போய்விட்டது. ஆனால் அதைச் சுற்றி நூறு விஷயங்கள் கட்டப்பட்டுவிட்டதால் யாரும் தொட மாட்டார்கள். தொட அதிகாரம் உள்ளவருக்கோ, அது அப்படியே இருப்பதுதான் வசதி. டுவெர்ஜே இந்தப் பக்கத்தைப் போதுமான அளவு பார்க்கவில்லை என்பதே என் முதல் குறை. தேர்தல் விதி கட்சிகளை உருவாக்குகிறது என்றார் அவர். கட்சிகள் தேர்தல் விதியை உருவாக்குகின்றன என்பதும் அதே அளவு உண்மை.

மூன்றாவது பதில் கொஞ்சம் நுட்பமானது: உட்கட்சித் தேர்தல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முற்போக்காளர்கள் கட்சி முதலாளிகளின் பிடியை உடைக்க, வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1968இல்கூட ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு உட்கட்சித் தேர்தலிலும் நிற்காமலே ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முடிந்தது. அதன் மேல் எழுந்த கோபத்தில்தான் 1972 முதல் அதிபர் வேட்பாளர் தேர்விலும் இந்த முறை உறுதியானது. விளைவு? அதிருப்தியாளன் இனி புதுக் கட்சி தொடங்கத் தேவையில்லை. பழைய கட்சிக்குள்ளேயே போட்டியிட்டு அதைக் கைப்பற்றலாம். பெரோ தொடங்கிய சீர்திருத்தக் கட்சியின் வேட்பாளராக 2000 தேர்தலுக்கு முயன்று பார்த்து விலகியவர் டொனால்ட் டிரம்ப். 2016இல் அவர் குடியரசுக் கட்சிக்குள் நுழைந்து ஜெயித்தார். 1992இல் பெரோ எதிர்த்த வட அமெரிக்கச் சுதந்திர வணிக ஒப்பந்தத்தை இவரும் எதிர்த்தார். அதே 2016இல், சுயேச்சை செனட்டரான பெர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நின்றார். பெரோவுக்கு மூடியிருந்த கதவு டிரம்புக்குத் திறந்தது, வேறு வாசல் வழியாக. பெயர்ப்பலகை அப்படியே இருக்க, வீட்டுக்குள் குடியிருப்பவர் மாறிக்கொண்டே இருக்கலாம். ‘இதே இரண்டு’ நீடிப்பதன் ரகசியம் இதில்தான் பெருமளவு இருக்கிறது. கட்சிகள் வலுவாக இருப்பதால் அவை நீடிக்கவில்லை. உள்ளே யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற அளவுக்குப் பலவீனமாகவும், வெளியே யாரும் கடை போட முடியாத அளவுக்குப் பாதுகாப்பாகவும் இருப்பதால் நீடிக்கின்றன.

4

இரு கட்சி முறை பற்றிய இன்னொரு செவ்வியல் நூல் ஆண்டனி டவுன்ஸின் ‘ஜனநாயகத்தின் பொருளாதாரக் கோட்பாடு’, 1957. பொருளாதார அறிஞர் ஹரால்ட் ஹோட்டெலிங் 1929இல் கடைகளின் அமைவிடம் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து டவுன்ஸ் தன் மாதிரியை வளர்த்தார். வகுப்பறைகளில் இதைக் கடற்கரைக் கதையாகச் சொல்வார்கள். நீண்ட கடற்கரையில் இரண்டு ஐஸ்கிரீம் வண்டிகள். ஒவ்வொன்றும் மற்றதைவிடக் கொஞ்சம் அதிகம் வாடிக்கையாளரைப் பிடிக்க நடுவை நோக்கி நகரும். கடைசியில் இரண்டும் மெரினாவின் நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். கட்சிகளும் அப்படியே, இரண்டே இருந்தால் நடு வாக்காளரை நோக்கி வந்து ஒன்றைப்போல மற்றொன்று ஆகிவிடும்.

அன்றைய அமெரிக்காவுக்கு இது பொருந்துவதுபோலத்தான் இருந்தது. 1950இல் அமெரிக்க அரசியல் அறிவியல் கழகத்தின் குழு ஒன்று அறிக்கை வெளியிட்டது. அதன் குறை என்ன தெரியுமா? இரண்டு கட்சிகளுக்கும் போதுமான வேறுபாடு இல்லை, வாக்காளருக்குத் தெளிவான தேர்வு இல்லை, கட்சிகள் கொள்கை அடிப்படையில் ஒழுங்காகப் பிரிய வேண்டும். வேண்டியது கிடைத்துவிட்டது. இன்று நாடாளுமன்ற வாக்கெடுப்புகளில் இரண்டு கட்சிகளும் கோடு கிழித்ததுபோலப் பிரிந்து நிற்கின்றன. அன்று ஒற்றுமையைக் குறை சொன்ன அதே துறை இன்று பிளவைப் பற்றிப் புத்தகங்கள் எழுதுகிறது.

டவுன்ஸ் எங்கே சறுக்கினார்? அவருடைய கடற்கரையில் ஒரே ஒரு கோடுதான், இடமிருந்து வலம். நடுவில் பெருங்கூட்டம் உட்கார்ந்திருந்தால்தான் வண்டிகள் நடுவுக்கு வரும். கூட்டம் இரண்டு முனைகளிலும் குவிந்தால் வராது, முனையில் இருப்பவர்கள் ‘போங்கடா’ என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதையும் டவுன்ஸே எழுதியிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள். அவர் மாதிரியில் இல்லாதது உட்கட்சித் தேர்தல். ஒரு தொகுதி நிச்சயமாக ஒரு கட்சிக்குத்தான் என்றால், உண்மையான போட்டி நவம்பரில் நடப்பதில்லை. அதற்கு முன்பே, மிகக் குறைவானவர்கள் வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தலில் முடிந்துவிடுகிறது. அங்கே நடு வாக்காளர் என்பவர் கட்சியின் தீவிர ஆதரவாளர். அப்படிப்பட்ட நிச்சயத் தொகுதிகளை வரைந்துகொள்ளவும் வழி இருக்கிறது. எல்லைக்கோட்டைத் தனக்குச் சாதகமாக வளைக்கும் வேலைக்கு 1812இலேயே மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரியின் பெயரால் ஒரு சொல் உண்டாகிவிட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவதை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று ஒதுங்கிக்கொண்டது.

இதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. 1950களின் அந்த ‘நடுநிலை’ எதன் மேல் நின்றது? அரசியல் அறிஞர் ஜேம்ஸ் மக்கிரிகர் பர்ன்ஸ் 1963இல் சொன்னது: அமெரிக்காவில் இருப்பது இரண்டு கட்சிகள் போலத் தெரியும் நான்கு கட்சிகள். ஜனநாயகக் கட்சிக்குள் வடக்கின் தொழிலாளர்களும் தெற்கின் வெள்ளை நிறவெறியர்களும் ஒன்றாக இருந்தார்கள். குடியரசுக் கட்சிக்குள்ளும் தாராளவாதிகளும் பழமைவாதிகளும். தெற்கில் கறுப்பினத்தவரைப் பெருமளவில் வாக்களிக்க விடாமல் வைத்திருந்ததால்தான் அந்தக் கூட்டணி குலையாமல் இருந்தது. 1964 குடியுரிமைச் சட்டத்தைத் தெற்கு ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே தடுத்தார்கள். 71க்கு 29 என்று அந்தத் தடையை உடைத்தபோது ஆதரித்தவர்களில் 27 பேர் குடியரசுக் கட்சியினர். அதற்கு அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளில் நான்கு கட்சிகள் மெதுவாக இரண்டாகின: தெற்கு வெள்ளைப் பழமைவாதிகள் ஒருபக்கம், வடக்கின் தாராளவாதிகள் மறுபக்கம். லீ ட்ரட்மன் 2020இல் எழுதிய நூலில் இந்தப் புள்ளியைத்தான் விரிக்கிறார். அமெரிக்கா இப்போதுதான் முதன்முறையாக உண்மையான இரு கட்சி முறையில் இருக்கிறது, அதனால்தான் தடுமாறுகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

‘அந்தக் காலத்துல ரெண்டு கட்சிக்காரங்களும் சேர்ந்து வேலை செஞ்சாங்க’ என்று ஏங்கும் பழைய செனட்டர்களின் நினைவுக்குறிப்புகளை இந்த உண்மையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அந்தக் கண்ணியத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்த அறைக்குள் இல்லை. அதனால் பிளவு நல்லது என்று நான் சொல்லவில்லை. பழைய நடுநிலைக்குத் திரும்பிப்போவது ஒரு தீர்வு என்று யாராவது சொன்னால், எந்தப் பழைய நடுநிலை என்று கேட்க வேண்டும்.

5

சரி, இரண்டே கட்சிகள் இருப்பது ஆட்சியை எப்படி வடிவமைக்கிறது? இரு கட்சி முறையின் மிக வலுவான வக்கீல் ஒரு தத்துவவாதி. கார்ல் பாப்பர் 1988இல் ‘எகானமிஸ்ட்’ இதழில் எழுதினார்: யார் ஆள வேண்டும் என்பது ஜனநாயகத்தின் கேள்வியே அல்ல; கெட்ட அரசை ரத்தம் சிந்தாமல் எப்படி வெளியேற்றுவது என்பதுதான் கேள்வி. கூட்டணி ஆட்சியில் பொறுப்பு கலைந்துபோகிறது. தோற்ற சிறிய கட்சி அடுத்த கூட்டணியிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டே கட்சி என்றால் யார் செய்தார்கள் என்பது தெளிவு, வெளியேற்றுவதும் எளிது. தோற்ற கட்சிக்கும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் வருகிறது.

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. கூட்டணி பேரங்களைப் பார்த்த எந்த இந்தியருக்கும் பாப்பரின் எரிச்சல் புரியும். ஆனால் அவர் மனதில் இருப்பது லண்டன். அங்கே கீழவையில் பெரும்பான்மை பெற்ற கட்சி அரசாங்கத்தை முழுதாக நடத்துகிறது. வாஷிங்டனில் அதிபர் ஒருவர், செனட் ஒன்று, பிரதிநிதிகள் சபை ஒன்று. மூன்றும் வெவ்வேறு நாட்காட்டியில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 1969க்குப் பிறகு மூன்றும் ஒரே கட்சியின் கையில் இருந்த ஆண்டுகள் பாதிக்கும் குறைவு. செனட்டில் பெரும்பாலான சட்டங்களுக்கு விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 100இல் 60 பேர் வேண்டும். ஆக ஒரு கட்சி ஜெயித்தாலும் ஆள முடியாது, தோற்றாலும் தடுக்க முடியும். வேலை நடக்காதபோது யாரை வெளியேற்றுவது? இருவரும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜனவரி வரை 35 நாட்கள் மத்திய அரசின் ஒரு பகுதி பூட்டிக் கிடந்தது. லட்சக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. விமான நிலையச் சோதனைச் சாவடியில் சம்பளமில்லாமல் நின்றவருக்கு, அதற்குக் காரணம் யார் என்பதில் இரண்டு உறுதியான பதில்கள் கிடைத்தன. பாப்பரின் தெளிவு அந்த இடத்தில் இல்லை.

இரண்டே பேர் ஆடும் ஆட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. என் எதிராளியின் தோல்வி முழுவதும் எனக்கே வரும். மூன்று பேர் இருந்தால், நானும் நீயும் சேற்றை வாரி அடித்துக்கொண்டால் மூன்றாமவன் ஜெயித்துவிடுவான் என்ற பயம் இருக்கும். இரண்டே பேர் என்றால் அந்தப் பயம் இல்லை. நான் நல்லவன் என்று நிரூபிக்கத் தேவையில்லை, அவன் மோசம் என்றால் போதும். எதிராளியின் அரசு நன்றாக நடப்பது எனக்கு நஷ்டம், அது நடக்காமல் பார்த்துக்கொள்ள எனக்கு அதிகாரமும் இருக்கிறது. கெட்ட மனிதர்கள் இல்லாமலேயே இந்த ஆட்டம் கெட்ட விளைவுகளைத் தரும்.

‘இரண்டு’ என்ற எண் அரசின் எலும்புக்குள்ளும் போய்விட்டது. தேர்தல் நிதியைக் கண்காணிக்கும் மத்தியத் தேர்தல் ஆணையத்தில் ஆறு உறுப்பினர்கள். ஒரே கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எந்த நடவடிக்கைக்கும் நான்கு ஓட்டு வேண்டும். பாரபட்சம் வேண்டாம் என்றுதான் இந்த ஏற்பாடு. நடைமுறையில் மூன்றுக்கு மூன்று என்று நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. அதிபர் வேட்பாளர் விவாதங்களைப் பல தேர்தல்களுக்கு நடத்தியது 1987இல் இரண்டு கட்சிகளும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. 2000 முதல் கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதம் இருந்தால்தான் மேடை என்று அது விதி வைத்தது. மேடையில் ஏறினால்தான் 15 சதவீதம் வரும் என்பது வேறு விஷயம். சமநிலை என்றால் இருவருக்கும் சமம் என்று பொருள் வந்துவிட்ட ஊரில், மூன்றாமவர் சமநிலையைக் குலைப்பவராகவே தெரிவார். 2000 தேர்தலில் ஃபுளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடெர் அங்கே வாங்கியது 97,488. இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாடெரைத்தான் திட்டுகிறார்கள், அந்த 97,488 பேரின் இரண்டாவது விருப்பத்தைக் கேட்கவே தெரியாத வாக்குச்சீட்டை யாரும் திட்டுவதில்லை.

6

டுவெர்ஜேயிடம் எனக்குள்ள இரண்டாவது, இன்னும் அடிப்படையான குறை இதுதான். இரண்டாகப் பிரிவது இயல்பானது என்றும் எழுதினார் அவர். அரசியலில் எந்தத் தேர்வும் கடைசியில் இரண்டில் ஒன்றாகவே அமைகிறது, நடு என்பது உண்மையில் ஒரு தனிப் போக்கு அல்ல, இரண்டு பக்கத்தவரும் சந்திக்கும் ஓர் இடம் மட்டும்தான் என்பது அவர் நிலைப்பாடு. தேர்தல் முறையின் விளைவு என்று தொடங்கியதை, மனித இயல்பு என்று முடித்துவிடுகிறார். இந்த இடத்தில் ஆய்வாளர் நின்றுவிட்டு, நம்பிக்கையாளர் பேசத் தொடங்குகிறார்.

நியூசிலாந்து இதற்கு நல்ல பதில். அங்கே 1978, 1981 இரண்டு தேர்தல்களிலும் தொழிற்கட்சியைவிடக் குறைவான ஓட்டு வாங்கிய தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1981இல் சோஷியல் கிரெடிட் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் வாங்கி இரண்டே இடம் பெற்றது. விவாதம் எழுந்தது, அரசு ஆணையம் 1986இல் பரிந்துரைத்தது, 1993இல் மக்கள் வாக்கெடுப்பில் முறையை மாற்றினார்கள், 1996இல் விகிதாசாரம் கலந்த முதல் தேர்தல் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அங்கே இன்றும் பிரதமர் அதே இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றிலிருந்துதான் வருகிறார். மாறியது என்னவென்றால், சிறிய கட்சிக்குப் போட்ட ஓட்டுக்கு ஒரு மதிப்பு வந்தது, பெரிய கட்சி அதோடு பேச வேண்டியிருக்கிறது. இரண்டு என்பது மனித இயல்பாக இருந்தால், விதி மாறியதும் நாடாளுமன்றம் இப்படி மாறியிருக்காது.

அமெரிக்காவிலும் சிறு அசைவுகள் உண்டு. மெய்ன் மாநிலம் 2018இலும் அலாஸ்கா 2022இலும், வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையில் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. நல்ல தொடக்கம். ஆனால் ஒரு தொகுதிக்கு ஒருவர் என்பது இருக்கும்வரை, மூன்றாமவரால் பிறருக்கு வரும் கெடுதல் குறையுமே தவிர, மூன்றாமவருக்கு இடம் கிடைத்துவிடாது. மாற வேண்டியது அந்த ‘ஒருவர்’.

அந்த ‘ஒருவர்’ எங்கிருந்து வந்தது? அமெரிக்க அரசியல் சாசனத்தில் தேடினால் கிடைக்காது. பிரதிநிதிகள் சபைக்கு மாநிலத்துக்கு இத்தனை பேர் என்றுதான் அதில் இருக்கிறது, தொகுதிக்கு ஒருவர் என்று இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்துப் பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. 1842இல் ஒரு சட்டம் ஒற்றை உறுப்பினர் தொகுதியைக் கேட்டது. பின்னால் வந்த சட்டங்களில் அது போய்ப்போய் வந்தது. இன்று நடைமுறையில் இருக்கும் கட்டாயம் 1967இல் போட்ட ஒரு சட்டம். டுவெர்ஜே இயற்கையைப் பார்த்த இடத்தில் இருப்பது இந்தச் சட்டம்தான். அதை நீக்க அரசியல் சாசனத் திருத்தம் வேண்டாம், முக்கால்வாசி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டாம். இரண்டு அவைகளிலும் நிறைவேறி அதிபர் கையெழுத்திடும் சாதாரண சட்டம் போதும். அது நிறைவேற வேண்டிய பிரதிநிதிகள் சபையில் 435 பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரும் அந்த முறையில் ஜெயித்து வந்தவர்கள்.